பெயர் பேட்டர்சீ, ஊர் பில்ஸ்டன்

வீட்டு அலமாரிக்குப் பழைய பொருள் வாங்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்த எபிசோட்ல எனக்குப் பழக்கமான ஒரே ஒரு பொருளைப் பத்திப் பேசப்போறேன்: இங்கிலாந்தின் பழைய எனாமல் பெட்டிகள். நான் வேலை பார்க்கிறது பர்மிங்காம்ல. இந்தப் பெட்டிகள்ல பெரும்பாலானவை பிறந்தது இந்த ஊரிலும் இதைச் சுத்தியும்தான். என்கிட்ட இருக்கிறது ஆறு பெட்டி. ஆறையும் ஒரு உள்ளங்கையில அடுக்கிடலாம், அவ்வளவு சின்னது.

எனாமல்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது ஆஸ்பத்திரியில இருந்த வெள்ளைத் தட்டும், நீல விளிம்பு வெச்ச டம்ளரும். அடிப்படை அதேதான். உலோகத்து மேல கண்ணாடியை உருக்கிப் பூசறது. தட்டுல உள்ளே இருக்கிறது இரும்பு, இந்தப் பெட்டியில செம்பு. மெல்லிய செப்புத் தகட்டைப் பெட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பொடி பண்ணின வெள்ளைக் கண்ணாடியைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில சுடுவாங்க. வெளிப்பக்கம் மட்டும் பூசினா ஆறும்போது தகடு வளைஞ்சுடும், ஏன்னா செம்பும் கண்ணாடியும் ஒரே அளவு சுருங்காது. அதனால உள்பக்கமும் பூசியாகணும். பிறகு நிறம், அதுக்கு மேல படம். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாச் சூளைக்குப் போகும். அதிகச் சூடு தாங்கற நிறம் முதல்ல, தாங்காதது கடைசியில. எந்தச் சூட்டுலயாவது விரிசல் விட்டா அதுவரை செஞ்ச வேலை எல்லாம் வீண்.

இவ்வளவு பாடுபட்டு எதுக்கு இத்துனூண்டு பெட்டி? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல மூக்குப்பொடி போடறது நாகரிகம். அதுக்கு ஒரு பெட்டி. இனிப்பு வைக்க, பறவை வடிவத்துல, நாய் வடிவத்துல பெட்டி. இன்னொரு வகை, மூடிக்குள்ள குட்டிக் கண்ணாடி வெச்சது. முகத்துல ஒட்டிக்கிற கறுப்புப் பட்டுத் துண்டுகளை அதுல வெச்சிருப்பாங்க. பார்க்க நம்ம திருஷ்டிப்பொட்டு மாதிரிதான் இருக்கும். ஆனா பல பேருக்கு அது அம்மைத் தழும்பை மறைக்கிற வழி. அப்புறம் ஊர் நினைவுப் பெட்டிகள். பாத் நகரத்துக்குப் போனவங்க, "பாத்திலிருந்து ஒரு சின்னப் பரிசு"ன்னு மூடியில எழுதின பெட்டியை வீட்டுக்கு வாங்கிட்டு வருவாங்க. இன்னைக்கு ஃபிரிட்ஜ்ல ஒட்டற மேக்னட் செய்யற வேலையை அன்னைக்கு அது செஞ்சது.

இனிமே முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சந்தையில இந்தப் பெட்டிகளுக்குப் பொதுப் பெயரே "பேட்டர்சீ". பேட்டர்சீ இருக்கிறது லண்டன்ல, தேம்ஸ் நதிக்குத் தெற்கே. அங்கே யார்க் ஹவுஸ்ங்கிற இடத்துல 1753இல் ஒரு எனாமல் தொழிற்சாலை தொடங்கினாங்க. கூட்டாளிகள் மூணு பேர்: ஸ்டீஃபன் தியோடர் ஜான்சன், ஹென்றி டெலமேன், ஜான் புரூக்ஸ். டெலமேன் டப்ளின்ல மண்பாண்டத் தொழில் செஞ்சவர். புரூக்ஸ், செதுக்கு ஓவியர். ஜான்சன் சாதாரண ஆள் இல்ல. 1754இல் லண்டன் மேயராகவே ஆனவர்.

அவங்க கையில ஒரு புதுமை இருந்தது. செப்புத் தகட்டுல படத்தைச் செதுக்கி, மை தடவி, மெல்லிய தாள்ல அச்செடுத்து, அந்தத் தாளை எனாமல் மேல அழுத்தி, படத்தை அங்கே மாத்திச் சுடறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓவியர் முதல்ல இருந்து வரைய வேண்டாம். ரவனே மாதிரி தேர்ந்த செதுக்கு ஓவியர்களை வெச்சு வேலை வாங்கினாங்க. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1755இல் தன் நண்பருக்கு ஒரு பேட்டர்சீ பெட்டியை மாதிரிக்காக அனுப்பியிருக்கார். அந்த அளவுக்குப் பேச்சு. ஆனா 1756 ஜனவரியில ஜான்சன் திவால். அந்த வருஷமே சரக்கெல்லாம் ஏலத்துக்குப் போச்சு. மொத்தமே மூணு வருஷம்தான்.

மூணு வருஷத்துல செஞ்சது எவ்வளவு இருக்க முடியும்? அப்போ உலகம் முழுக்க அலமாரிகள்ல இருக்கிற மத்த பெட்டிகளை எல்லாம் யார் செஞ்சா?

பர்மிங்காம், பில்ஸ்டன், வெட்னஸ்பரி. மிட்லண்ட்ஸ் பகுதியில உலோக வேலைக்குப் பேர்போன ஊர்கள். பொத்தான், பக்கிள், கீல், சின்னப் பெட்டின்னு செய்யற பட்டறைகள் நெருக்கியடிச்சு இருந்த இடம். அரசியல்வாதி எட்மண்ட் பர்க், பர்மிங்காமை ஐரோப்பாவின் பொம்மைக் கடைன்னு வர்ணிச்சார். அந்தக் காலத்துல "டாய்"னா குழந்தை விளையாடற பொம்மை மட்டும் இல்ல, இந்த மாதிரி சின்ன அலங்காரப் பொருளும்தான். இன்னொண்ணு. புரூக்ஸ் இந்த அச்சு முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சது 1751இல். அப்போ அவர் இருந்தது பேட்டர்சீயில இல்ல, பர்மிங்காம்ல! பேட்டர்சீ மூடினதுக்கு அப்புறமும் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் தொழிலைத் தூக்கி நிறுத்தினது இந்த ஊர்கள்தான். பாத் நகரத்துப் பரிசுப் பெட்டியும் பெரும்பாலும் பாத்துல செஞ்சது இல்ல, இங்கிருந்து போனதுதான்.

சில மாசம் முன்னாடி ஒரு பழம்பொருள் சந்தையில ஒரு பெட்டி பார்த்தேன். சீட்டுல "பேட்டர்சீ, 1780"ன்னு எழுதியிருந்தது. தொழிற்சாலை மூடி 24 வருஷம் கழிச்சு அது எப்படிப் பெட்டி செஞ்சது? விற்கிறவர்கிட்ட கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, அந்தப் பேர் இருந்தாத்தான் போகும்"னார். அவர் பொய் சொல்லல. வழக்கம் அதுதான். ஆனா எனக்கு உறுத்துது. மேயர் பதவியில இருந்த ஒருத்தர் மூணு வருஷம் நடத்தி நொடிச்ச இடத்தோட பேர், தலைமுறை தலைமுறையா அந்த வேலையைச் செஞ்ச ஊர்களோட உழைப்பு மேல ஒட்டியிருக்கு. பெரும்பாலான பெட்டிகள்ல செஞ்சவங்க கையெழுத்து கிடையாது. அவங்களுக்குன்னு மிஞ்சியிருந்த ஒரே அடையாளம் ஊர்ப்பேர். அதையும் சந்தை எடுத்துக்கிச்சு. விலையிலயும் இது பேசும். "பேட்டர்சீ"ன்னு சீட்டு இருந்தா, அந்தச் சொல்லுக்கும் சேர்த்து நீங்க காசு கொடுப்பீங்க.

அதனால சீட்டைப் படிக்கிறதுக்கு முன்னாடி பெட்டியைப் பாருங்க. நான் பார்க்கிற விஷயங்கள் இவ்வளவுதான்.

முதல்ல பத்து மடங்கு பூதக்கண்ணாடி. படத்துல ஒரே சீரான மெல்லிய கோடுகள் இருந்து, அதுக்கு மேல நிறம் தீட்டியிருந்தா அது அச்சுப் படம். ரெண்டாவது, மூடிக்குள்ள இருக்கிற கண்ணாடி. ரெண்டு நூற்றாண்டு தாண்டின கண்ணாடி மங்கிப் புள்ளி விழுந்து இருக்கும். பளபளன்னு இருந்தா ஏன்னு கேளுங்க. மாத்தியிருக்கலாம், இல்ல பெட்டியே புதுசா இருக்கலாம். மூணாவது, பழுதுபார்த்த இடம். பழைய எனாமலை மறுபடி சூளையில வைக்கிறது ஆபத்து. அதனால உடைஞ்ச இடத்தைப் பெரும்பாலும் ரெசின், பெயிண்ட் வெச்சு மூடுவாங்க. புற ஊதா டார்ச் அடிச்சா பல சமயம் அந்த இடம் மட்டும் வேற மாதிரி ஒளிரும். நாலாவது, பிற்காலப் பிரதி. 19ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல சாம்சன் நிறுவனம் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பார்த்துப் பிரதி செஞ்சது. 1970க்கு அப்புறம் லண்டன் ஹால்சியன் டேஸ் கடையை நடத்தின சூசன் பெஞ்சமின் பில்ஸ்டன்ல இந்தக் கலையை மறுபடி உயிர்ப்பிச்சாங்க. அதெல்லாம் நல்ல பெட்டிகள்தான். ஆனா பழம்பொருள் விலைக்கு வாங்கக் கூடாது.

முழுசா இருக்கிற பெட்டிக்காகக் காத்திருக்காதீங்க. எனக்குப் பிடிச்சது ஒரு மூலை உடைஞ்ச பெட்டிதான். உடைஞ்ச இடத்துல அடியில செம்பு, அதுக்கு மேல வெள்ளை, அதுக்கு மேல நீலம்னு அடுக்கு தெரியும். விலையும் குறைச்சல்.

வீட்டுக்குக் கொண்டுவந்தா தண்ணியில மட்டும் கழுவாதீங்க. விரிசல் வழியா ஈரம் போய் செம்பு அரிச்சு, எனாமல் உதிர ஆரம்பிச்சுடும். மெல்லிய காய்ஞ்ச பிரஷ் போதும். ஹீட்டர் பக்கத்துல வைக்க வேண்டாம். பழைய எனாமல்ல ஈயம் கலந்திருக்கும், அதனால ஏலக்காய், மிட்டாய் போட்டு வைக்காதீங்க.

வாங்கக் காசு இல்லையா? பார்க்கலாம். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு லேடி சார்லட் ஷ்ரைபர் 1884இல் கொடுத்த தொகுப்புல பீங்கானோட எனாமலும் இருக்கு. ஆனா என் சிபாரிசு உல்வர்ஹாம்ப்டன்ல இருக்கிற பேன்டாக் ஹவுஸ். பர்மிங்காம்ல இருந்து டிராம்ல போனா வழியில பில்ஸ்டன் சென்ட்ரல்னு ஒரு நிறுத்தம் வரும். அங்கே இறங்கிக் கொஞ்சம் நடங்க. சூளை எதுவும் கண்ணுல படாது, சாதாரணக் கடைத்தெருதான். அதுக்கப்புறம் அருங்காட்சியகத்துல அந்தப் பெட்டிகளைப் பாருங்க.

இவ்வளவு கேட்டதுக்கு அப்புறம் நீங்க ஒரு பெட்டி வாங்கினா, அடியில வைக்கிற துண்டுச் சீட்டுல தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க: "தென் ஸ்டாஃபோர்ட்ஷயர், அநேகமா பில்ஸ்டன்." அந்த "அநேகமா"வையும் விடாம எழுதுங்க. உங்களுக்கு அடுத்து அதை வாங்கறவங்களுக்கு அது உதவும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.