படக்கோப்பும் ஒரு சான்றிதழே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சிங்கப்பூர் காத்தோங்கிலிருந்து ஜொகூர்ப் பாலம் தாண்டி வந்திருக்கிறேன். ஓவியம் சொல்லிக் கொடுப்பது என் தொழில். பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "படம் போட்டா சோறு கிடைக்குமாங்க?" கிடைக்கும். ஆனால் அதற்கு வழி தெரிய வேண்டும்.

எங்கள் காத்தோங்கில் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி இருக்கிறது. அங்கேதான் 1984இல் அயர்லாந்தில் பிறந்த பிரதர் ஜோசப் மெக்னாலி ஒரு கலை மையம் தொடங்கினார். அதுவே லசால் கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 2007 முதல் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், அவர் பெயர் தாங்கிய தெருவில் இருக்கிறது. அங்கே சேர மதிப்பெண் மட்டும் போதாது. பிள்ளை வரைந்த படங்களையும் பார்ப்பார்கள். அப்படித் தொகுத்ததை போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். நாம் படக்கோப்பு என்போமே!

கல்லூரி வேண்டாம், கைத்தொழில் போதும் என்கிற பிள்ளைக்கும் இதே கோப்புத்தான் வழி. பச்சை குத்தும் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் கையில் குறத்தி குத்திய கோலமும் புள்ளியும் பார்த்திருப்பீர்கள். இன்று நகரங்களில் அதற்கென்றே கடைகள் உண்டு. பழகப் போகிறவனிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, "நீ வரைஞ்சதைக் காட்டு" என்பதே.

அதில் என்ன இருக்க வேண்டும்? பொறுக்கி எடுத்த 15, 20 படங்கள் போதும். சினிமாப் படத்தைப் பார்த்து வரைந்தது வேண்டாம். கண்ணெதிரே உள்ளதை வரையுங்கள்: அம்மாவின் கை, பால் மங்கு, கோவில் தூணின் யாளி, வாசல் கோலம். கோடு நடுங்காமல் ஒரே இழுப்பில் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் தேதி போடுங்கள். ஒரே பொருளை ஆறு மாதம் கழித்து மறுபடி வரைந்து பக்கத்தில் வையுங்கள். வளர்ச்சி தானே தெரியும்.

கோடு ஏன் முக்கியம்? தோட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால்மரம் சீவும்போது உளி ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் வராது. தோலும் அப்படித்தான். ஊசி 1 முதல் 2 மில்லிமீட்டர் வரைதான் இறங்கலாம். ஆழமானால் மை கலங்கிப் பரவும். குறைந்தால் மங்கிப் போகும். தோலில் அழிப்பான் கிடையாது!

பெற்றோர்களே, உங்கள் பயம் நியாயமானது. சுத்தமில்லாத ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றும். ஆகவே பழகுகிறவன் ஊசியைத் தொடுமுன் சுத்தம் செய்யப் படிக்க வேண்டும். 18 வயது ஆகும்வரை பென்சில் போதும். வீட்டிலே ஊசியும் மையும் வைத்து ஒருவருக்கொருவர் குத்திப் பார்க்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், தம்பிகளா! பழகும் காலத்தில் பல இடங்களில் சம்பளம் இராது. சில இடங்களில் கட்டணமும் கேட்பார்கள். பெரியவர் ஒருவர் கூடப் போய், எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குத் தொழில் பிறகு மாறலாம். விளம்பரப் பலகை, துணி வடிவம், நகை, அச்சு, எங்கே போனாலும் அந்தக் கோப்பு பேசும். இன்று மேடையில் பரிசு வாங்காத பிள்ளையிடமும் அது இருக்க முடியும். ஆகவே இந்த வாரமே ஒரு வெள்ளைத்தாள் நோட்டு வாங்கிக் கொடுங்கள். வரைந்ததைப் பழைய பேப்பரோடு கட்டி எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.