ஒரு பொறியும் ஐவர் உரிமையும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

"எதைப் பற்றிப் பேசுவீர்கள்?" என்று செயலாளர் வினவியபோது, "வீட்டுக் கணிப்பொறியில் யாருக்கு என்ன உரிமை என்பதைப் பற்றி" என்றேன். சிறிது தயங்கினார். சிலம்பும் குறளும் முழங்கிய மேடையில் இது எதற்கு என்று எண்ணியிருப்பார். நடந்ததைச் சொன்னதும் இசைந்தார். அதனையே உங்கள் முன்னும் வைக்கிறேன்.

என் அன்னையார் தம் இறுதிக் காலத்தில் எங்களோடு இக்காலனியில் வாழ்ந்தார். அவர் பாடிய தாலாட்டும் நலுங்குப் பாட்டுமாக 23 பாடல்களை ஒலிப்பதிவு செய்து, 'பாட்டி' என்று தமிழில் பெயரிட்ட கோப்புறையில் வைத்திருந்தேன். அந்நாளில் எங்கள் பொறியில் ஒரே கணக்கு, கடவுச்சொல்லும் கிடையாது. எவர் பொத்தானை அழுத்தினாரோ அவரே முழு அதிகாரம் படைத்த நிர்வாகி. கோடை விடுமுறைக்கு வந்த என் தங்கை மகன் ஒரு விளையாட்டை ஏற்ற முயன்றான். இடம் போதவில்லை. தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் பெயர் கொண்ட கோப்புறையை வேண்டாதது எனக் கருதி அழித்தான். குப்பைத் தொட்டியையும் துப்புரவாகக் காலி செய்தான். வடநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை; தமிழ் பேசுவான், எழுத்தறியான். அது தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரிய பொருள், இன்று வேண்டாம்.

தங்கையின் கைப்பேசிக்கு முன்னரே அனுப்பியிருந்த 9 பாடல்கள் மீண்டன. மற்ற 14 போயின. "வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கலாகாதா?" என்று நீங்கள் கேட்பது முறையே. வைக்கவில்லை. பையனைக் கடிந்து என்ன பயன்? அழிக்கும் அதிகாரத்தை அவன் கையில் கொடுத்தவன் நானல்லவா?

ஒரு பொறியைப் பலர் பகிர்ந்துகொள்வது புதிதன்று. 1961-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரும் அவர்தம் குழுவினரும், பலர் ஒரே வேளையில் ஒரு கணிப்பொறியில் பணியாற்றும் முறையைச் செய்து காட்டினர். ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்கக் கணக்கும் கடவுச்சொல்லும் அங்கே வேண்டியவையாயின. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் வழியாக வளர்ந்த ஒழுங்கே இன்று லினக்ஸிலும் இருக்கிறது. 1995-இல் வீடுதோறும் புகுந்த விண்டோஸிலோ பெயர்கள் பல வைக்கலாமேயன்றிக் கோப்புக்குக் காவல் இல்லை. 2001-இல் வந்த எக்ஸ்பி காவலைக் கொணர்ந்தது. ஆயினும் வீட்டார் அனைவரும் நிர்வாகிகளாகவே இருந்துவிடும் பழக்கம் நீங்கவில்லை.

நம் சங்க நூலக அலமாரியை எண்ணிப் பாருங்கள். செயலாளர் நூல்களை வாங்குவார், கழிப்பார். உறுப்பினர் எடுத்துப் படிப்பர். புறத்தார்க்குத் திறவுகோல் இல்லை. யூனிக்ஸ் ஒழுங்கும் இதுவே. ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் ஒருவர், குழு ஒன்று, எஞ்சியோர் பிறர். இம்மூவகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. கோப்புறையாயின் இயக்குதல் என்பது உள்ளே நுழைதல். ஆகவே 750 என்றால் உரியவர்க்கு எல்லாம், குழுவினர் நுழையலாம், படிக்கலாம், பிறர்க்கு ஒன்றுமில்லை.

வீட்டில் லினக்ஸை நிறுவி, எங்கள் ஐவர்க்கும் தனித்தனிக் கணக்குகள் அமைத்தேன். 'குடும்பம்' என்று ஒரு குழு. விடுமுறைக்கு வரும் மருமகனுக்கு விருந்தினர் கணக்கு, குழுவில் இடமில்லை. எஞ்சிய 9 பாடல்களுக்கும் எழுதும் உரிமையை நீக்கிவிட்டு நிம்மதியாயிருந்தேன். பின்னர் ஐயம் தோன்ற, வெற்றுக் கோப்பொன்றை அவற்றோடு வைத்து, மகன் கணக்கிலிருந்து அழிக்கச் சொன்னேன். அழிந்தது! கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை. அது வைக்கப்பட்ட கோப்புறையில் எழுதும் உரிமை உடையவர் எவரோ அவருக்கே உண்டு. பெட்டியின் மூடி திறந்திருக்க, உள்ளிருந்த பொருளுக்கு முத்திரை இட்டிருந்தேன். அன்றே அக்கோப்புறையை 750 ஆக்கினேன். எல்லோரும் எழுதவேண்டிய 'பொது' என்ற கோப்புறை 2770. முன்னிற்கும் 2, அதனுள் பிறக்கும் புதுக் கோப்புகளையும் குடும்பக் குழுவுக்கே உரியவையாக்கும்.

இன்னொரு தவறும் செய்தேன், அதனையும் மறைக்கவில்லை. என்னைக் குழுவில் சேர்க்கும்போது, 'யூசர்மாட்' என்னும் கட்டளையில் 'கூடுதலாகச் சேர்' என்று பொருள்படும் 'ஏ' குறியை விட்டுவிட்டேன். அது என்னைக் குடும்பத்தில் சேர்த்தது. நிர்வாக உரிமை தரும் 'சூடோ' குழுவிலிருந்து வெளியேற்றியது! மறுமுறை உள்நுழைந்தபோது என் வீட்டில் நானே உரிமையற்றவன் ஆனேன். மீட்பு முறையில் பொறியை எழுப்பிச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது கழிந்தது. அன்றுமுதல் நிர்வாகக் கணக்கு இரண்டு. ஒன்று என் மனைவியுடையது. அன்றாட வேலைக்கு நானும் சாதாரணப் பயனரே. விண்டோஸ் வைத்திருப்போரும் இவ்வாறே செய்யலாம்: நிர்வாகி என்று தனிக் கணக்கு வைத்து, தம்முடையதையும் பிள்ளைகளுடையதையும் சாதாரணக் கணக்காக்கிவிடலாம்.

எல்லாம் முடிந்தபின் கல்லூரியில் பயிலும் என் மகள் கேட்டாள்: "அப்பா, நான் எழுதும் நாட்குறிப்பை உங்களால் படிக்க முடியுமா?" முடியாது என்று சொல்ல நா எழவில்லை. நிர்வாகி எதையும் திறக்கலாம். வட்டைக் கழற்றி வேறு பொறியில் பொருத்துபவரும் திறக்கலாம். உள்ளபடி சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, நாட்குறிப்பைத் தனிக் கடவுச்சொல்லால் மறையாக்கி வைக்கும் முறையைக் காட்டும்படி கேட்டாள். காட்டிக் கொடுத்தேன். அக்கடவுச்சொல்லை அவள் தட்டும்போது எழுந்து வெளித் திண்ணைக்குப் போய்விட்டேன்.