அமைதி காக்கப் போனவர்கள் யார் பக்கம் நின்றார்கள்?



லெபனான் தேசத்துத் தலைநகரான பெய்ரூட்டில் 1983ம் வருஷம் அக்டோபர் 23ந் தேதி நடந்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகால் மணி தாண்டிய நேரம். விமான நிலையத்தை ஒட்டிய நான்கு மாடிக் கட்டடத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் நிற லாரி ஒன்று முள்கம்பியை அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. காவல் நின்றவர்களின் துப்பாக்கியில் தோட்டா இல்லை. மேலிடத்து உத்தரவு அப்படி. தோட்டாவைப் போடுவதற்குள் லாரி கட்டடத்தில் புகுந்து வெடித்தது. ஓட்டி வந்தவனும் சிதறினான். 241 அமெரிக்கர்கள் மாண்டார்கள்.

சில நிமிஷங்களில் பிரெஞ்சுப் பட்டாளம் தங்கிய கட்டடமும் வெடித்து விழுந்தது. அங்கே 58 சிப்பாய்கள் பலி. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட லெபனான்காரக் காவலாளியின் மனைவியும் பிள்ளைகளும் இடிபாட்டில் நசுங்கினார்கள். அவர்கள் எந்தப் பட்டாளம்?

தூங்குகிறவனைக் கொல்வதை நாம் வீரம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று கேட்காமலும் இருக்க மாட்டோம்.

1982 ஜூனில் இஸ்ரேல் படையெடுத்து பெய்ரூட்டை முற்றுகையிட்டது. ஆகஸ்டில் அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் பட்டாளம் அனுப்பின. பாலஸ்தீனப் போராளிகள் ஊரைவிட்டுப் போகட்டும், குடும்பங்களுக்கு ஆபத்து வராது என்று வாக்களிக்கப்பட்டது. போராளிகள் கப்பலேறினார்கள். பட்டாளமும் செப்டம்பரில் மூட்டை கட்டியது. சில நாளில், இஸ்ரேல் ராணுவம் சுற்றி நிற்க, பலாஞ்சிஸ்டுப் படையினர் சப்ரா, ஷத்திலா முகாம்களுக்குள் புகுந்து பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குப் பிறகே பட்டாளம் மறுபடி வந்தது.

வந்தவர்கள் நடுவில் நின்றார்களா? லெபனானில் நடந்தது உள்நாட்டு யுத்தம். அதில் ஒரு தரப்பாகவே ஜனங்களில் பலர் கருதிய சர்க்கார் படைக்கு அமெரிக்கா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. 1983 செப்டம்பர் 19ந் தேதி சூக் அல்-கர்ப் மலையில் அந்தப் படைக்கு ஆதரவாக அமெரிக்கக் கப்பல்கள் பீரங்கி முழங்கின. வேண்டாம், நம் ஆட்கள்தான் இதற்கு விலை கொடுப்பார்கள் என்று தடுத்துப் பார்த்தவர் யார் தெரியுமா? கரையில் இருந்த அமெரிக்கத் தளபதி கர்னல் ஜெராட்டியே! அதே மாதம் பிரெஞ்சு விமானங்களும் மலையில் குண்டு போட்டன. ஆலை வாசலில் "அமைதி காக்க" வருகிற போலீஸ் வண்டி எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று நமக்குத் தெரியாதா?

இத்தாலியப் பட்டாளத்தையும் பாருங்கள். அது முகாம்களுக்குக் காவல் நின்றது. ஆஸ்பத்திரி நடத்தி ஊர் ஜனங்களுக்கு மருந்து கொடுத்தது. அதன் மேல் எந்த லாரியும் பாயவில்லை.

வெடித்தது நாங்களே என்று "இஸ்லாமிய ஜிகாத்" என்ற பெயரில் அறிவிப்பு வந்தது. ஈரானும் ஹிஸ்புல்லாவும் பொறுப்பு என்று 2003ல் ஓர் அமெரிக்கக் கோர்ட்டு தீர்ப்பளித்தது, ஈரான் மறுத்தது. அமெரிக்க சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷனோ, நிலைமை மாறிய பிறகும் பட்டாளத்துக்குக் கொடுத்த வேலையை யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை என்று 1983 டிசம்பரிலேயே எழுதிவிட்டது.

1984 பிப்ரவரியில் அமெரிக்கச் சிப்பாய்கள் கப்பலேறினார்கள். அந்த மாதமே நியூஜெர்சி என்ற போர்க்கப்பல் மலைக் கிராமங்களின் மேல் பெருங்குண்டுகளைப் பொழிந்தது. லெபனான் யுத்தம் 1990 வரை நீடித்தது.