பொன்னுருவிக்கு யாரும் சொல்லவில்லை

வேலூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. துரியோதனன் படுகளமும் தீமிதியும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘கர்ண மோட்சம்’ கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வியாச பாரதத்தில் கர்ணனின் மனைவி, போர் முடிந்தபின் களத்தில் அழுகிறவளாக வருகிறாள். அந்த அழுகையையும் காந்தாரிதான் நமக்குச் சொல்கிறாள். கூத்திலோ அவளுக்குப் பொன்னுருவி என்று பெயர் உண்டு, கோபமும் உண்டு. (வேஷம் கட்டுவது பெரும்பாலும் ஆண்தான், அது வேறு கதை.) 17-ஆம் நாள் போருக்கு விடைபெற வரும் கணவனை, பிறப்பைச் சொல்லி இகழ்கிறாள்.

திமிர் பிடித்தவள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கர்ணன் யார் பிள்ளை என்பது குந்திக்குத் தெரியும், கண்ணனுக்குத் தெரியும், போர் தொடங்கும் முன்பே கர்ணனுக்கும் தெரியும். கூடவே குடும்பம் நடத்தியவளுக்கு மட்டும் கடைசி நாளில்தான் சொல்கிறான். அவளுக்கு எது அதிகம் வலித்திருக்கும்? தான் இகழ்ந்ததா, அவன் மறைத்ததா? இரண்டையும் பேசித் தீர்க்க நேரம் ஏது, சண்டைக்குத் தேர் காத்திருக்கிறதே!

இந்த முறை கூத்து நடந்தால், அந்தக் காட்சி வரும்வரை எழுந்து வந்துவிடாதீர்கள்.