எடுத்துக் கொடுத்த துணி

அரிசியை வாங்குகிறோம், பாத்திரத்தை வாங்குகிறோம், துணியை மட்டும் நாம் 'எடுக்கிறோம்'. "தீபாவளிக்குத் துணி எடுத்தாயிற்றா?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்கிறோம். கடைக்காரர் விரித்துப் போட்ட பத்துத் துணிகளுள் ஒன்றைக் கையால் தொட்டு, விரலிடையே தேய்த்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறம் பார்த்து எடுக்கும் செயலுக்கு அச்சொல் எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது! அதிலிருந்து இரண்டு சொற்கள் கிளைக்கின்றன. ஒன்று 'எடுத்துக் கொடுத்தல்', மற்றொன்று 'எடுத்துக்கொள்ளுதல்'. இணையக் கடைகள் நம் வீட்டுக் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்த பின்னர், ஒரு தகப்பனாகிய என் மனம் இவ்விரண்டு சொற்களுக்கும் நடுவே ஊசலாடி வருகிறது.

நான் பிறந்தது திருநெல்வேலி. பண்டிகை முன்பணம் கைக்கு வந்ததும் என் தந்தையார் எங்களை நெல்லையப்பர் கோயில் ரத வீதியிலிருந்த ஜவுளிக்கடைக்கு அழைத்துச் செல்வார். சகோதரர் மூவருக்கும் ஒரே துணியில் சட்டை. துணியை எங்கள் தோள்மீது வைத்துப் பார்ப்பார். பின்புறத்தைத் திருப்பி நெசவைப் பார்ப்பார். கஞ்சி மிகுதியாக ஏற்றியிருக்கிறதோ என்று கசக்கிப் பார்ப்பார். ஒரு நூலைப் பிரித்துத் தீயில் காட்டுவதும் உண்டு. பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றம் வீசும். செயற்கை இழை உருகிக் கடினமான மணியாகத் திரளும். தையற்காரரிடம், "வளரும் பிள்ளைகள், உள்மடிப்பைத் தாராளமாக விடுங்கள்" என்று சொல்லி முடித்தால்தான் அவருக்கு நிம்மதி.

தில்லிக்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்க காலத்தில் ஊரிலிருந்து வருவோர் கையில் என் தாயார் துணி கொடுத்தனுப்புவார். அன்பு நிறைந்த அப்பொட்டலத்தில் ஒரு குறை இருக்கும்: ஐப்பசியில் தொடங்கும் வடநாட்டுக் குளிரை அது அறியாது. மெல்லிய பாவாடைக்கு மேல் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் மகள் தீபாவளி கொண்டாடிய புகைப்படங்கள் இன்னமும் வீட்டில் உள்ளன. பின்னர்க் கரோல் பாகில் துணி எடுக்கத் தொடங்கினோம். அரைகுறை இந்தியில் நான் பேரம் பேசுவதும், கடைக்காரர் புன்னகையோடு விட்டுக்கொடுப்பதுபோல் நடிப்பதும் ஆண்டுதோறும் நிகழும் நாடகம். இப்பொழுது அந்நாடகமும் நின்றது. இரவு உணவுக்குப் பின் ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்து, நான்கு திரைகளில், தத்தமக்குரிய துணிகளைத் தாமே எடுத்துக்கொள்கிறோம்.

இதைக் குறையாக மட்டுமே பேசுவேனாயின் உண்மைக்கு மாறாகப் பேசியவனாவேன். என் மகளுக்கு வயது பதினேழு. "கடையில் விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'உங்கள் அளவு இங்கே இல்லை' என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா, அப்பா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்தும் நான் கவனித்ததில்லை. தன் அளவையும் தனக்கு உகந்த நிறத்தையும் பிறர் பார்வைக்கு அஞ்சாது தேடிக்கொள்ளும் உரிமையைக் கைப்பேசி அவளுக்குத் தந்திருக்கிறது. என் தமக்கையார் இருவருக்கும் அவ்வுரிமை வாய்த்ததில்லை. தந்தையார் எடுத்ததை உடுத்தினார்கள். பிடித்ததா என்று எவரும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தலில் அன்பு இருந்தது, அதிகாரமும் இருந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு நன்மையும் உண்டு. மதுரைச் சுங்குடியும் காஞ்சிபுரப் பட்டும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தமிழகத்திற்கு வெளியேயும் விற்பனை நிலையங்கள் நடத்துவதோடு, இணையத்தின் வழியாகவும் விற்கிறது. எனினும், படத்தைத் தொட்டுப் பார்க்க இயலாது. படத்தில் நூலைப் பிரித்துத் தீயில் காட்டவும் இயலாது. ஆகவே கையின் அறிவுக்கு ஈடாகக் கண்ணின் அறிவைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். 'ஆர்ட் சில்க்' என்று எழுதியிருந்தால் அதைக் கலைநயமிக்க பட்டு என்று எண்ணி மகிழ்ந்துவிடலாகாது. செயற்கைப் பட்டு என்பதே அதன் பொருள். தூய பட்டுக்குச் 'சில்க் மார்க்' என்னும் முத்திரை 2004 முதலும், கைத்தறித் துணிக்கு 'ஹேண்ட்லூம் மார்க்' என்னும் முத்திரை 2006 முதலும் வழங்கி வருகின்றன. இணைய வணிகம் பற்றிய 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைகேட்கும் அலுவலர் ஒருவரை ஒவ்வொரு நிறுவனமும் அமர்த்த வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் நாம் நாடலாம்.

ஆயினும், எந்த விதியாலும் தீராத ஒரு குறை சென்ற தீபாவளியன்று எனக்கு நேர்ந்தது. மகனுக்கு நானே ஒரு சட்டை வரவழைத்திருந்தேன். பதினைந்து நாட்களுக்கு முன்னரே அது வந்துவிட்டது. புதுத்துணியைப் பண்டிகைக்கு முன் போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமன்று. ஆதலால் பிரிக்காமலே பீரோவில் வைத்தேன். முதல்நாள் இரவு, மரபுப்படி துணிகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிச் சுவாமி முன் அடுக்கினோம். விடியுமுன் குளிரில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த பையன் சட்டையை அணிந்தான். அதன் கை, மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது!

திருப்பி அனுப்பும் கெடுவோ கடந்துவிட்டது. மஞ்சள் பட்ட துணியை எவர் ஏற்பார்? 'கறைபடாதிருத்தல் வேண்டும்' என்பதன்றோ நிபந்தனை! நமக்கு மங்கலமாவது வணிகனுக்குக் கறையாகிறது. அவனைக் குறைகூறுவதற்கில்லை. எங்கே தவறினேன் என்று பார்த்தேன். முந்திய ஆண்டின் அளவைக் கைப்பேசி நினைவில் வைத்திருந்து, அதையே எனக்குக் காட்டியது; நானும் அதையே அழுத்திவிட்டேன். ஓராண்டில் பையன் வளர்ந்துவிட்டதை அக்கருவி அறியாதது இயல்பு. அவனோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கும் நானும் அறியாதிருந்தேனே என்பதுதான் என்னை நாணச் செய்தது. தோளில் துணியை வைத்துப் பார்த்த என் தந்தையார், துணியை மட்டுமா பார்த்தார்? ஆண்டுக்கொரு முறையேனும் எங்களை முழுமையாகப் பார்த்தார்.

பையன் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். "கையை மடித்து விட்டுக்கொள்கிறேன், அப்பா" என்று சொல்லி, அன்று முழுவதும் அந்தச் சட்டையோடே இருந்தான்.

இவ்வாண்டு எங்கள் வீட்டில் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டோம். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பாகவே அங்குல நாடாவை எடுத்து அனைவருக்கும் அளவு பார்ப்பது. துணி வந்த அன்றே போட்டுப் பார்த்துவிடுவது. இதில் பழைய வழக்கம் சற்று வளைந்து கொடுத்தது. மற்றொன்று, தீபாவளித் துணியை ஒவ்வொருவரும் தமக்கன்றி வேறொருவருக்கே எடுப்பது. "நிறத்தையாவது என்னிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்" என்று மகள் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். நியாயமான திருத்தமே, ஏற்றுக்கொண்டோம். மற்ற நாட்களில் அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம்; அதற்குத் தடையில்லை.

ஊரிலிருக்கும் பாட்டிக்கு எடுக்கும் பொறுப்பு மகனுக்கு வந்தது. அவன் தொலைபேசியில் நிறத்தைக் கேட்கப்போய், என் தாயார் தம் கலியாணப் புடைவையில் தொடங்கி இழந்துபோன புடைவைகள்வரை அரைமணி நேரம் பேசிவிட்டார்கள். நான் இதுவரை கேட்டிராத செய்திகள் அவை. முடிவில் அரக்கு நிறச் சுங்குடி என்று தீர்மானமாயிற்று. நேரே திருநெல்வேலிக்கே அனுப்பச் சொல்லலாம் என்றான் பையன். அவர்கள் இசையவில்லை. "முதலில் உங்கள் வீட்டுக்கு வரட்டும். நீ மஞ்சள் தடவி எனக்கு அனுப்பு" என்றார்கள்.

"மஞ்சள் தடவிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாதே, பாட்டி!"

"திருப்பிக் கொடுக்கவா என் பேரன் எடுத்துக் கொடுக்கிறான்?" என்று கேட்டார்கள் என் தாயார்.