தோட்டமும் ஒப்பந்தமும்



வீட்டைச் சுற்றிச் சிறிது நிலம் இருந்தால், அங்கே பசும்புல்லும் பூச்செடியும் வேண்டுமென்று மனம் விழைவது இயல்பு. நகரங்களில் இப்பணியை இன்று நிறுவனங்கள் ஒப்பந்தம் பேசி நடத்துகின்றன. ஒப்பந்தம் உள்ள இடத்தில் பிணக்கும் எழக்கூடும். அப்பிணக்கு எங்கே பிறக்கிறது என்பதை ஆராய்வோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து 80,000 ரூபாயை முன்னதாகவே கொடுத்துவிடுகிறார். ‘தோட்டம் அமைத்து ஓராண்டு பராமரித்துத் தரப்படும்’ என்பதே சீட்டில் கண்ட வாசகம். இரண்டாம் மாதத்தில் புல்தரையெங்கும் கோரை தலைதூக்குகிறது. “நீங்கள் கொட்டிய மண்ணிலேயே கோரைக் கிழங்கு இருந்தது” என்கிறார் வீட்டுக்காரர். “களை எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு” என்கிறது நிறுவனம். இருவரும் தாம் நம்புவதையே சொல்கின்றனர். தீர்ப்புச் சொல்ல வேண்டிய சீட்டோ வாய் திறக்கவில்லை.

ஆதலின், கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. மண் எத்தனை அங்குலம்? புல் எவ்வகை? நீர் பாய்ச்சுபவர் யார்? களை எடுப்பவர் யார்? செடி பட்டுப்போனால் எத்தனை நாளுக்குள் மாற்றுச் செடி நடுவர்? பணத்தை வேலையின் படிக்கேற்பத் தவணையாகக் கொடுப்பது இரு தரத்தார்க்கும் நலம். வாய்மொழி ஒப்பந்தமும் பெரும்பாலும் செல்லும்; ஆனால் அதை மெய்ப்பிப்பது அரிது.

பிணக்கு எழுந்தபின் செய்யத்தக்கது யாது? நாளிட்ட புகைப்படம் எடுத்து, குறையை எழுத்தில் தெரிவித்து, திருத்துவதற்குத் தவணை கொடுக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளைந்த நட்டத்துக்கு ஈடு வழங்குகிறது. அந்நட்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கருத்திற் கொள்ளுமாறு அப்பிரிவே கூறுகிறது. எனவே, கோபத்தில் தோட்டத்தைக் காயவிட்டு முழு ஈடு கோருதல் பொருந்தாது.

நிறுவனம் செவிசாய்க்காவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. தாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக்குக் காரணம் தோன்றியதிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. ஆனால், நாமே சம்பளத்துக்கு அமர்த்தி, நம் ஏவலின்படி வேலை செய்யும் தோட்டக்காரர் மீது இச்சட்டத்தின்கீழ் முறையிட இயலாது. அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம். சட்டம் அதனை விலக்கியிருக்கிறது.

மற்றொன்றும் மறத்தலாகாது. செவ்வனே முடித்த வேலைக்கு வீண்குறை கூறிப் பணத்தை நிறுத்துவோரும் உளர். வெயிலில் மண் வெட்டியவரின் கூலி அப்பணத்திலிருந்தே வரவேண்டும். நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் சொல் வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும்.

நாளை நீங்களும் பல தாள்களில் கையெழுத்திடுவீர்கள். நண்பரைப் போல் இனிக்கப் பேசும் வேளையிலேயே ஐயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது அவநம்பிக்கையன்று, நட்பு முறியாமல் காக்கும் வேலியாகும்.