சின்ன கம்ப்யூட்டர் வாங்கும் முன் மூன்று கேள்விகள்

(வீரசோழனில் நடந்த கல்வி உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பிள்ளைகளுக்காகக் கணினி அறை ஒன்று அமைக்கப் போகிறோம். அதற்கு நன்கொடையும் வந்துகொண்டிருக்கிறது. "ஒரு கம்ப்யூட்டர் வாங்குற காசுக்கு ரெண்டு மூணு சின்ன போர்டு வாங்கலாமே" என்று வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் போனில் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எந்தப் போர்டை வாங்குவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

உள்ளங்கை அளவு பலகையில் ஒரு முழுக் கம்ப்யூட்டரும் அடங்கியிருப்பதுதான் இந்தச் சின்ன போர்டு. இதில் பேர்பெற்றது ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், மாணவர்கள் புரோகிராம் எழுதிப் பழகவென்றே உருவாக்கி, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு வெளியிட்டார்கள். கேரளத்தில் 2015-இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசே இதைக் கொடுத்தது. மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். ராஸ்பெர்ரி பை 4-க்குத் தரும் சார்ஜர் 15 வாட்தான். கரண்ட் அடிக்கடி போகும் நம் பக்கத்துக்கு, சின்ன பேட்டரியிலும் ஓடும் பொருள் வசதிதானே.

இதில் ஓடுவது லினக்ஸ். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் 'பாஸ்' என்று ஒன்று இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. ராஸ்பெர்ரி பையின் இயங்குதளமும் அதே டெபியன் வழி வந்ததுதான். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

அப்படியானால் எந்தப் போர்டிலும் லினக்ஸைப் போட்டு ஓட்டலாமே என்று கேட்பீர்கள். முடியாது. சாதாரண மேசைக் கம்ப்யூட்டரில், உள்ளே என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்பதை இயந்திரமே இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். சின்ன போர்டுகள் பெரும்பாலும் அப்படிச் சொல்லாது. வயரிங் படம் இல்லாத வீட்டில் எலெக்ட்ரீஷியன் எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று தெரியாமல் நிற்பது போல, லினக்ஸ் திகைத்து நிற்கும். அந்த வயரிங் படத்தை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு 'டிவைஸ் ட்ரீ' என்று பெயர். ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் 'டிரைவர்' நிரலும் வேண்டும்.

முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போர்டுக்குத் தனித்தனியாக நிரல் எழுதி லினக்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தது. 2011-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதைக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பிறகுதான் இவ்வகைப் போர்டுகளுக்கு டிவைஸ் ட்ரீ முறை பரவலானது.

ராஸ்பெர்ரி பைக்கும் இந்த ஆதரவு தானாக வந்துவிடவில்லை. முதல் போர்டில் இருந்த சிப் சற்றுப் பழைய வகை. டெபியனின் வேகமான பதிப்பு அதைவிடப் புதிய வகைக்கென்று செய்யப்பட்டிருந்தது. மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இரண்டு தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள் தொகுப்புகளை அந்தச் சிப்புக்கு ஏற்றபடி மறுபடியும் உருவாக்கினார்கள். அதுதான் 2012-இல் வந்த ராஸ்பியன். படம் காட்டும் பகுதியின் விவரங்களைச் சிப் செய்த பிராட்காம் நிறுவனம் 2014-இல்தான் வெளியிட்டது. அதன் பிறகே அதற்கு முழுதும் திறந்த டிரைவர் எழுத வழி பிறந்தது. போர்டைத் தொடங்கி வைக்கும் நிரல் இன்றும் திறந்ததல்ல. ஆனாலும் 2012-இல் வந்த அந்த முதல் போர்டில், இன்றைய ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் 32-பிட் பதிப்பு ஓடுகிறது. பொருள் நீடித்து உழைப்பது என்றால் இதுதான்.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் நல்லெண்ணத்தோடு வேறொரு கம்பெனியின் நான்கு போர்டுகளை வாங்கி வந்து கொடுத்தார். விலை குறைவு, வேகம் அதிகம் என்று அட்டையில் போட்டிருந்தது. கம்பெனி தந்த லினக்ஸோ பல ஆண்டுப் பழையது. புதியதைப் போட்டால் வைஃபை வேலை செய்யவில்லை, திரையும் வரவில்லை. நான்கும் அலமாரியில் கிடக்கின்றன. போர்டில் பழுதில்லை, அதற்கு ஆதரவுதான் இல்லை.

ஆகவே போர்டு வாங்கித் தர நினைப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: இந்தப் போர்டுக்கான ஆதரவு லினக்ஸின் மூல நிரலிலேயே சேர்ந்திருக்கிறதா, அல்லது கம்பெனி தரும் தனி நிரலில் மட்டும்தானா? மூலத்தில் சேர்ந்துவிட்டால், கம்பெனி கைவிட்டாலும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு: இதற்கான இயங்குதளம் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால் தொடாதீர்கள். ஆரஞ்சு பை, பனானா பை போன்ற போர்டுகளுக்கு ஆர்ம்பியன் என்ற தன்னார்வத் திட்டம் இயங்குதளம் தருகிறது. உங்கள் போர்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்று: வைஃபை, திரை, ஒலி இவை தனித்தனியாக வேலை செய்கின்றனவா? 'லினக்ஸ் ஓடும்' என்ற ஒரு வார்த்தை போதாது. முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ளது கெட்டுப்போகலாம். பேட்டரி பேக்கப் கட்டாயம் வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 வரை போர்டில் தனிக் கடிகாரம் கிடையாது. இன்டர்நெட் இல்லாவிட்டால் தேதி தப்பாகக் காட்டும்; அதைக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆதரவை எழுதுபவர்கள் எங்கோ பிறந்த அதிசயப் பிறவிகள் அல்லர். சி மொழியும் கொஞ்சம் மின்னணுவியலும் பொறுமையும் உள்ள யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். நிரல் சரியா என்றுதான் பார்ப்பார்கள். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று பார்க்க மாட்டார்கள். அலமாரியில் கிடக்கும் அந்த நான்கு போர்டுகளும் உங்களுக்காகவே இருக்கின்றன. வந்து எடுத்து முயன்று பாருங்கள்.

நன்கொடையாக வரும் ஒவ்வொரு ரூபாயும் நம் கையில் உள்ள அமானிதம். அது அலமாரியில் தூசி படியாமல் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இன்ஷா அல்லாஹ், போர்டுகளைச் சோதித்துப் பார்த்த பிறகே கணினி அறைக்கு வாங்குவோம்.